கேள்வி பதில்: 13.6-ஐ வச்சு எத்தனை கோடு போடலாம்?

போன இதழ்ல ஹைட்ரஜன் ஸ்பெக்ட்ரம் (அந்த அணு விடற ஒளியைப் பிரிச்சா தெரியற தனித்தனி நிறக் கோடுகள்) பத்தி போறபோக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், வந்த கேள்வியில முக்காவாசி அதைப் பத்தியே. அதனால இந்த தடவை முழுக்க அணுவோட எனர்ஜி லெவல், அதாவது எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் படி, அந்தக் கணக்குதான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பாடப்புத்தகத்துல "முதன்மை குவாண்டம் எண்"னு வர்றதை நான் இங்க "லெவல் நம்பர்"னுதான் எழுதப்போறேன், வாய்க்கு அதுதான் வருது. ஆற்றலை அளக்கற எலக்ட்ரான் வோல்ட்டை சுருக்கி ஈவி.

சார், லைமன், பாமர், பாஷன், பிராக்கெட், ஃபண்ட்னு அஞ்சு ஃபார்முலா இருக்கு, பரீட்சை ஹால்ல எது எதுக்குன்னு குழம்பிடுது. ஞாபகம் வச்சுக்க ஏதாவது வழி சொல்லுங்க. (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

அஞ்சு எங்கம்மா இருக்கு, இருக்கறதே ஒண்ணுதான். ஹைட்ரஜன்ல ஒரு லெவலோட ஆற்றல் = −13.6 ÷ (லெவல் நம்பர்)² ஈவி. இதை வச்சு ரஃப் பேப்பர் ஓரத்துல முதல்ல இந்த நம்பரை எழுதி வச்சுக்கோ: 1-க்கு −13.6, 2-க்கு −3.4, 3-க்கு −1.51, 4-க்கு −0.85, 5-க்கு −0.544, 6-க்கு −0.378. எலக்ட்ரான் மேல இருந்து கீழ குதிச்சா அந்த ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒளியா வெளிய வருது. அலைநீளம் வேணும்னா 1240-ஐ அந்த வித்தியாசத்தால வகுத்துடு, விடை நானோமீட்டர்லயே வரும். 3-ல இருந்து 2-க்கு குதிச்சா 3.40 − 1.51 = 1.89, 1240 ÷ 1.89 = 656, சிவப்பு. முடிஞ்சது.

வரிசையோட பேரெல்லாம் எங்க போய் விழுதுங்கறதைப் பொறுத்துதான். 1-ல விழுந்தா லைமன், 2-ல பாமர், 3-ல பாஷன், 4-ல பிராக்கெட், 5-ல ஃபண்ட், 6-ல விழறதுக்கும் ஹம்ஃப்ரீஸ்னு ஒரு பேர் இருக்கு, 1953-ல கண்டுபிடிச்சது, அதை யாரும் கேக்கறதில்ல. எங்க இருந்து கிளம்புதுங்கறது பேரை மாத்தாது, கோட்டைத்தான் மாத்தும்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எல்லை இருக்குல்ல, முடிவிலியில இருந்து விழறது, அதுக்கு இன்னும் சுலபம், 91.2-ஐ விழற லெவல் நம்பரோட வர்க்கத்தால பெருக்கு. லைமன் 91.2, பாமர் 365, பாஷன் 821, பிராக்கெட் 1459, ஃபண்ட் 2280 நானோமீட்டர். இதுக்கு மறுமுனை, அதாவது பக்கத்து லெவல்ல இருந்து விழற நீளமான கோடு, லைமனுக்கு 121.6, பாமருக்கு 656, பாஷனுக்கு 1875, பிராக்கெட்டுக்கு 4051. இந்த ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. லைமன் 121.6-ல முடிஞ்சு பாமர் 365-ல ஆரம்பிக்குது, நடுவுல ஒண்ணுமே இல்ல. பாமருக்கும் பாஷனுக்கும் நடுவுலயும் இடைவெளி. ஆனா பாஷன் 1875 வரைக்கும் போகுது, பிராக்கெட் 1459-லயே ஆரம்பிச்சிடுது, அங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். "எந்த வரிசைகள் ஒன்றோடொன்று கலக்கும்"னு ஒரு மார்க் கேள்வி வந்தா இதுதான் பதில்.

எனர்ஜி லெவல், எலக்ட்ரான் எதுவுமே தெரியாத காலத்துல பாமர் எப்படி அந்த ஃபார்முலாவைப் பிடிச்சார்? குருட்டாம்போக்குல அடிச்சதா?

குருட்டாம்போக்குன்னு சொன்னா பாவம் மனுஷர் கோவிச்சுக்குவார். 1885-ல நடந்தது, பாமருக்கு அப்போ அறுபது வயசு, சுவிட்சர்லாந்துல பாசெல் ஊர்ல பெண்கள் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார், இயற்பியல்காரரே இல்ல. கையில இருந்தது ஸ்வீடன் விஞ்ஞானி ஆங்ஸ்ட்ராம் அளந்து வச்சிருந்த நாலே நாலு நம்பர்: 656.21, 486.07, 434.01, 410.12 நானோமீட்டர். இதுல இருந்து 364.56-னு ஒரு நம்பரைப் பிடிச்சு நாலையும் அதால வகுத்தா முறையே 9/5, 4/3, 25/21, 9/8 கிடைக்குது. நல்ல சுத்தமான பின்னங்கள்தான், ஆனா வரிசையா பாத்தா ஒழுங்கே இல்ல.

இப்போ ரெண்டாவதையும் நாலாவதையும் மட்டும் மேலயும் கீழயும் நாலால பெருக்குங்க. 4/3 வந்து 16/12 ஆகுது, 9/8 வந்து 36/32 ஆகுது. இப்போ மேல இருக்கறதைப் படிங்க: 9, 16, 25, 36. கீழ: 5, 12, 21, 32, அதாவது மேல இருக்கறதுல இருந்து எப்பவும் 4 கம்மி. எனக்கு இதை முதல்ல ஒருத்தர் கரும்பலகையில போட்டுக் காட்டினப்போ, சுருக்கின பின்னத்தை திரும்ப பெருக்கிப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு அந்த ஆளுக்குன்னுதான் யோசிச்சேன். பின்னத்தை சுருக்கி எழுதுனாதான் மார்க்குன்னு வளந்தவங்க நாம.

அடுத்தது 49/45, அதாவது 397 நானோமீட்டர்ல ஒரு கோடு இருக்கணும்னு கணக்கு சொல்லுச்சு. அப்படி ஒண்ணு ஏற்கனவே அளந்தாச்சுங்கறதே பாமருக்குத் தெரியாது, அதே ஊர் பேராசிரியர் ஹாகென்பாக்தான் வெள்ளை நட்சத்திரங்களோட ஸ்பெக்ட்ரத்துல இன்னும் பல கோடு பாத்திருக்காங்கன்னு எடுத்துச் சொன்னார், அதெல்லாமும் பொருந்துச்சு. அப்புறம் மூணே வருஷத்துல ஸ்வீடன்காரர் ரிட்பெர்க் இதையே தலைகீழா போட்டார், அலைநீளத்துக்கு பதிலா 1 ÷ அலைநீளம். தலைகீழா போட்ட உடனே அது ரெண்டு பின்னத்தோட கழித்தலா மாறிடுச்சு: ரிட்பெர்க் மாறிலி × (1 ÷ கீழ் நம்பரோட வர்க்கம் − 1 ÷ மேல் நம்பரோட வர்க்கம்). எதுல இருந்து எதைக் கழிக்கிறோம்ங்கறது மட்டும் அதுக்கப்புறம் கால் நூற்றாண்டு யாருக்கும் தெரியல, 1913-ல நீல்ஸ் போர்ங்கற டென்மார்க் இயற்பியல்காரர்கிட்ட ஹான்சென்னு ஒரு நண்பர் "உன் அணு மாடல் இந்த ஸ்பெக்ட்ரம் கோட்டுக்கு என்ன சொல்லுது"ன்னு கேட்டு பாமர் ஃபார்முலாவை ஞாபகப்படுத்தற வரைக்கும்.

ரிட்பெர்க் மாறிலியை எல்லா தசமத்தோடயும் போட்டு 3-ல இருந்து 2-க்கு கணக்கு போட்டேன், 656.11 வருது. டேபிள்ல 656.28-னு இருக்கு. மூணு தடவை போட்டுட்டேன். நான் தப்பா, டேபிள் தப்பா? (பி.எஸ்.சி. மாணவர்)

இந்த தடவை வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி. தம்பி, உங்க கணக்கும் சரி, டேபிளும் சரி, ரெண்டும் வேற வேற பொருளைப் பத்திப் பேசுது.

நீங்க போட்ட மாறிலி 1,09,73,731.568-தானே (ஒரு மீட்டருக்கு)? அது அணுக்கரு அசையவே அசையாது, எடை முடிவிலின்னு வச்சுக்கிட்டு சொல்ற நம்பர். நிஜத்துல புரோட்டான் எலக்ட்ரானை விட 1836 மடங்குதான் கனம், அதனால எலக்ட்ரான் சுத்தும்போது புரோட்டானும் கொஞ்சம் ஆடும், ரெண்டும் பொதுவான ஒரு மையத்தைச் சுத்தும். இதுக்காக மாறிலியை 1 + 1/1836.15-ஆல வகுக்கணும். வகுத்தா 1,09,67,758, இதுதான் ஹைட்ரஜனுக்கான ரிட்பெர்க். இதைப் போட்டு கணக்கு பண்ணா 656.47 வரும். ஐயோ இது டேபிளைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சேன்னு பயப்படாதீங்க.

ஃபார்முலா குடுக்கறது வெற்றிடத்துல உள்ள அலைநீளம். டேபிள்ல இருக்கற 656.28 காத்துல அளந்தது. காத்தோட ஒளிவிலகல் எண் சுமாரா 1.000276, அதால வகுத்தா 656.29. மிச்சம் இருக்கற 0.01-க்கு காரணம் ஃபைன் ஸ்ட்ரக்சர், அதாவது எலக்ட்ரானோட வேகத்தாலயும் ஸ்பின்னாலயும் லெவல் துளியூண்டு இறங்கறது, அது போர் ஃபார்முலாவுல கிடையாது. பாருங்க, ஒரு திருத்தம் 0.36 ஏத்துது, இன்னொண்ணு 0.18 இறக்குது, நீங்க ரெண்டையும் விட்டுட்டு 0.17 பிசகுல நின்னுட்டீங்க. ஒண்ணை மட்டும் திருத்தியிருந்தா இன்னும் குழம்பியிருப்பீங்க.

லேப்ல இதெல்லாம் தெரியாது, கிரேட்டிங் (ஒளியை நிறம் நிறமா பிரிக்கற நெருக்கமான கோடு போட்ட தகடு) வச்சு எடுக்கற ரீடிங்ல ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் பிசகறது சகஜம். நான் படிக்கறப்போ டிஸ்சார்ஜ் டியூப்ல சிவப்பு, பச்சை கலந்த நீலம், ஊதா மூணும் பாத்துட்டேன், நாலாவது 410 கோடு கண்ணுக்கே சிக்கல, பக்கத்து டேபிள் ரீடிங்கை வாங்கி எழுதிட்டேன், அவனும் இன்னொருத்தன்கிட்ட வாங்கினதுதானாம், அது புத்தகத்துல இருந்து வந்ததுன்னு வைவா அன்னைக்கு தெரிஞ்சுது.

ஆனா அந்த கரு ஆடற திருத்தம் சும்மா தசம விளையாட்டுன்னு நினைக்காதீங்க. ஹைட்ரஜனுக்கு பதிலா அதோட கனமான வகை டியூட்டீரியம் இருந்தா கரு ரெண்டு மடங்கு கனம், ஆட்டம் கம்மி, அதே சிவப்புக் கோடு 0.18 நானோமீட்டர் தள்ளி 656.10-ல விழும். 1931-ல அமெரிக்க வேதியியல்காரர் யூரே கூட்டத்தார் பாமர் கோடுகளுக்குப் பக்கத்துல கணக்கு சொன்ன அதே இடத்துல மங்கலா துணைக்கோடு இருக்கறதைப் பாத்துதான் டியூட்டீரியத்தையே கண்டுபிடிச்சாங்க, 1934-ல நோபல்.

மைனஸ் 13.6-னு ஏன் போடறாங்க? ஆற்றல் எப்படி மைனஸ்ல இருக்கும்?

பூஜ்ஜியத்தை எங்க வைக்கிறோம்ங்கறதுதான் விஷயம். எலக்ட்ரான் அணுவை விட்டு விலகி சும்மா நிக்குது பாருங்க, அதை பூஜ்ஜியம்னு வச்சாச்சு. அணுவுக்குள்ள மாட்டியிருக்கறது அதுக்கும் கீழ, கடன்ல இருக்கற மாதிரி. 13.6 ஈவி கட்டினா விடுதலை. உள்ள பிரிச்சுப் பாத்தா இயக்க ஆற்றல் +13.6, நிலை ஆற்றல் −27.2, கூட்டினா −13.6.

4-வது லெவல்ல இருந்து இறங்கினா எத்தனை கோடு வரும்? ஒரு கைடுல 6-னும் இன்னொண்ணுல 3-னும் போட்டிருக்கு.

கேள்வியை இன்னொரு தடவை நிதானமா படிங்க. "ஹைட்ரஜன் வாயு", "அணுக்கள்"னு இருந்தா 6. ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு வழியில இறங்கும், எல்லா வழியும் சேத்து 4 × 3 ÷ 2 = 6. "ஒரே ஒரு அணு"ன்னு இருந்தா அதிகபட்சம் 3, ஏன்னா அது 4, 3, 2, 1-னு ஒரு தடவைதான் படி இறங்க முடியும், மறுபடி மேல ஏறி வேற வழியில இறங்காது. அதிகபட்சம்னு சொன்னதைக் கவனிங்க, நேரா 4-ல இருந்து 1-க்கு குதிச்சா ஒரே ஃபோட்டான்தான். ரெண்டு கைடும் சரியா இருக்கலாம், கேள்வி வேற வேறயா இருந்திருக்கும்.

ஹீலியத்துக்கு அணு எண் 2, அப்போ 13.6 × 4 = 54.4 ஈவி. ஆனா அயனியாக்கும் ஆற்றல் 24.6-னு குடுத்திருக்காங்களே?

ஃபார்முலாவை அணு எண்ணோட வர்க்கத்தால பெருக்கறது சரிதான், ஆனா அது ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கற ஆளுங்களுக்கு மட்டும். ஒரு எலக்ட்ரான் போன ஹீலியம் (ஹீலியம் அயனி), ரெண்டு எலக்ட்ரான் போன லித்தியம் (122.4 ஈவி), இப்படி. சாதாரண ஹீலியத்துல ரெண்டு எலக்ட்ரான், ஒண்ணை ஒண்ணு தள்ளும், அதனால முதல் எலக்ட்ரானை உருவ 24.6 போதும். அது போனதுக்கப்புறம் ரெண்டாவதை உருவணும்னா அப்போ கரெக்டா 54.4.

இந்த ஹீலியம் அயனியில ஒரு நல்ல கதை இருக்கு. 1896-ல வானியலாளர் பிக்கரிங் ஒரு நட்சத்திரத்துல (சீட்டா பப்பிஸ்) விசித்திரமான கோடுகளைப் பாத்தார், பாமர் ஃபார்முலாவுல முழு எண்ணுக்கு பதிலா 2.5, 3.5-னு அரை அரையா போட்டா பொருந்துச்சு. இது ஏதோ புது மாதிரி ஹைட்ரஜன்னு எல்லாரும் நினைச்சாங்க. 1912-ல ஃபவுலர் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த டியூப்ல அதே மாதிரி கோடுகளை எடுத்தார். போர் வந்து, இது ஹைட்ரஜனே இல்ல, ஹீலியம் அயனி, 4-வது லெவல்ல விழற வரிசைன்னார். கணக்கு பாருங்க, அணு எண்ணுக்காக 4-ஆல பெருக்கினா 4 × (1/16 − 1/25) = 1/4 − 1/(2.5)², அரை நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுதா?

ஃபவுலர் விடல. 4 மடங்குன்னு சொல்றீங்க, அளந்தா 4-க்கு மேல துளி கூட வருதேன்னு கேட்டார். போர் போட்ட பதில் மேல நம்ம பி.எஸ்.சி. தம்பிக்கு சொன்ன அதே விஷயம், ஹீலியம் கரு கனம், ஆட்டம் கம்மி, அதனால 4 இல்ல, 4.00163. ஃபவுலரோட அளவு 4.0016. ஒரு ஃபார்முலா சரியான்னு பாக்க தோராயமா பொருந்தறது போதாது, பொருந்தாத நாலாவது தசமத்தையும் அதுவே சொல்லணும், அங்கதான் போர் ஜெயிச்சார்.

அப்போ தாமிரம், மாலிப்டினம் மாதிரி பெரிய அணுவுக்கு இந்த ஃபார்முலா வேஸ்ட்டா?

எக்ஸ்ரேக்கு வேஸ்ட் இல்ல. உள்கூட்டுல ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டா 2-ல இருந்து 1-க்கு இன்னொண்ணு விழும், அணு எண்ணுல இருந்து 1-ஐக் கழிச்சுட்டு வர்க்கம் எடுத்து 10.2-ஆல பெருக்குங்க. தாமிரம் 29, 28-ஓட வர்க்கம் 784, விடை சுமார் 8.0 கிலோ ஈவி, அளந்தது 8.05. மோஸ்லே 1913-ல இதை வச்சுதான் தனிம வரிசையை எடைப்படி இல்லாம அணு எண்படி நிக்க வச்சார்.

ஹைட்ரஜன் சிவப்பு ஒளியை வெளியிடும்னா, அதே சிவப்பை உறிஞ்சவும் செய்யணும்ல? ஆனா ஹைட்ரஜன் வாயு நிறமே இல்லாம இருக்கே?

உறிஞ்சும், ஆனா அதுக்கு எலக்ட்ரான் ஏற்கனவே 2-வது லெவல்ல உக்காந்திருக்கணும். சாதாரண வெப்பநிலையில எல்லாம் 1-லதான் கிடக்கு. 2-க்கு ஏற 10.2 ஈவி வேணும், அறை வெப்பம் தர்றது 0.026. அந்த விகிதத்துல 2-ல ஒரு அணு இருக்க வாய்ப்புன்னு பாத்தா ஒண்ணுக்கு அப்புறம் 170 சைபர் போட்டு அதுல ஒண்ணு. அதனால அது லைமன் கோடுகளை மட்டும்தான் உறிஞ்சும், அது புறஊதா, நம்ம கண்ணுக்கு சம்பந்தமில்ல. (பாட்டில்ல இருக்கறது அணுவா இல்லாம ரெண்டு ரெண்டா மூலக்கூறா இருக்கும், அதோட ஸ்பெக்ட்ரம் வேற, ஆனா முடிவு இதேதான்.)

சூரியன் மேற்பரப்பு சுமார் 5800 கெல்வின். அங்க கணக்கு போட்டா நூறு கோடி அணுவுல அஞ்சாறு 2-வது லெவல்ல இருக்கும். அவ்வளவுதான், ஆனா சூரியன்ல ஹைட்ரஜன் அவ்வளவு குவிஞ்சு கிடக்கறதால அந்த அஞ்சாறே போதும், சூரிய ஒளியில 656-ல பளிச்சுனு கருப்புக் கோடு விழுது, ஃபிரான்ஹோஃபர் "சி"ன்னு பேர் வச்சது. 10,000 கெல்வின் நட்சத்திரத்துல லட்சத்துக்கு மூணு, அங்க பாமர் கோடுகள் உச்சத்துல இருக்கும். அப்போ இன்னும் சூடானா இன்னும் பலமா ஆகணுமேன்னா ஆகாது, எலக்ட்ரானே அணுவை விட்டு ஓடிடும், அப்புறம் எந்த லெவல்ல இருந்து உறிஞ்சறது. இந்த ஓடிப்போற கணக்கை 1920-ல போட்டவர் மேகநாத் சாஹா. ஒரு நட்சத்திரத்துல ஹைட்ரஜன் கோடு மங்கலா இருந்தா ஹைட்ரஜன் கம்மின்னு அர்த்தமில்ல, ரொம்ப குளிரா இருக்கலாம், ரொம்ப சூடா இருக்கலாம்.

சோடியம் விளக்கோட மஞ்சளை இந்த ஃபார்முலாவால கணக்கு போட முடியுமா?

அப்படியே போட்டா முடியாது, கொஞ்சம் ஒட்டுப்போட்டா முடியும். சோடியத்துல வெளிய ஒரு எலக்ட்ரான், உள்ள பத்து எலக்ட்ரான் கருவை மறைச்சுக்கிட்டு நிக்குது, தூரத்துல இருந்து பாத்தா ஹைட்ரஜன் மாதிரிதான். ஆனா வெளி எலக்ட்ரான் அப்பப்போ உள்ள புகுந்து வரும், புகுந்தப்போ கருவோட இழுப்பு அதிகம், லெவல் கீழ இறங்கிடும். ரிட்பெர்க் இதுக்கு செஞ்ச வேலை, லெவல் நம்பர்ல இருந்து ஒரு சின்ன எண்ணைக் கழிக்கறது, குவாண்டம் டிஃபெக்ட்னு சொல்வாங்க.

சோடியத்தோட 3-வது லெவல்ல "எஸ்" நிலைக்கு 1.373-ஐக் கழிங்க, 1.627. 13.6 ÷ 1.627² = 5.14 ஈவி, இது சோடியத்தோட அயனியாக்கும் ஆற்றலேதான். "பி" நிலை அவ்வளவு உள்ள புகாது, 0.883 கழிச்சா போதும், 2.117, ஆற்றல் 3.04. வித்தியாசம் 2.10, 1240 ÷ 2.10 = 590 நானோமீட்டர், வந்துடுச்சு மஞ்சள். நிஜத்துல 589.0, 589.6-னு ரெண்டு கோடு, அது ஸ்பின் பண்ற வேலை, இந்த ஒட்டுல அது வராது. "எஃப்" நிலைக்குப் போனா கழிக்க வேண்டியது கிட்டத்தட்ட பூஜ்ஜியம், அப்படியே ஹைட்ரஜன்.

அந்த எஸ், பி, டி, எஃப் எழுத்தெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நிறைய பேர் கேக்கறதே இல்ல. ஷார்ப், பிரின்சிபல், டிஃபியூஸ், ஃபண்டமென்டல், பழைய ஆளுங்க ஸ்பெக்ட்ரம் வரிசைகளுக்கு வச்ச பேர். கோடு கூர்மையா இருந்தா ஷார்ப். கெமிஸ்ட்ரில ஆர்பிட்டால் ஆர்பிட்டால்னு எழுதி எழுதித் தள்றோமே, அது இதுதான்.

லெவல் நம்பருக்கு உச்சவரம்பு உண்டா? 100-வது லெவல்னு ஒண்ணு நிஜமா இருக்கா, இல்ல பேப்பர்ல மட்டுமா?

கணக்குப்படி வரம்பு இல்ல. நிஜத்துல அணுவோட சைஸ்தான் தடுக்கும், ஆரம் லெவல் நம்பரோட வர்க்கமா பெருகும். 110-வது லெவல்னா 12,100 × 0.0529, கிட்டத்தட்ட 640 நானோமீட்டர் ஆரம். அதாவது ஒரு அணுவோட ஆரமே சிவப்பு ஒளியோட அலைநீளம் அளவுக்கு வந்துடும். பக்கத்துல இன்னொரு அணு வந்து இடிச்சா அவ்வளவுதான், அதனால நம்மைச் சுத்தி இருக்கற காத்து மாதிரி நெருக்கமான இடத்துல அது நிக்காது.

விண்மீன்களுக்கு நடுவுல இருக்கற வாயு மேகத்துல இடம் தாராளம். அங்க 110-ல இருந்து 109-க்கு எலக்ட்ரான் இறங்குது, இடைவெளி ரொம்பச் சின்னது, 0.00002 ஈவி, அதே கழித்தலைப் போட்டா விடை ஒளி இல்ல, ரேடியோ: 5009 மெகாஹெர்ட்ஸ், ஆறு சென்டிமீட்டர் அலை. 1965-ல ரேடியோ தொலைநோக்கியை அந்த அதிர்வெண்ணுக்கு திருப்பி வச்சுக் கேட்டாங்க, கோடு அங்கதான் இருந்துச்சு.